சட்டத்துக்கு உட்பட்ட சத்தம்

மோட்டார் சைக்கிள் போடும் சத்தத்தை அளப்பதும், அதைத் திருத்துவதும் என் வேலை. மாதாப்பூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் எங்கள் ஆபீஸ். வண்டி தயாரிக்கும் பெரிய கம்பெனிகள் தாங்கள் செய்ய நேரமில்லாத கணக்குகளை எங்களைப் போன்றவர்களிடம் தள்ளிவிடும். சைலன்சருக்குள் எத்தனை தட்டு, தட்டில் எத்தனை துளை, குழாய் எவ்வளவு நீளம் என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்போம். நாச்சாரத்தில் ஒரு பட்டறையில் மாதிரி செய்யச் சொல்லி வாங்கி, எஞ்சினில் மாட்டி, மைக் வைத்துக் கேட்போம்.

செகந்திராபாத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். ஷண்டிங் சத்தத்துக்கு நடுவே பாடம் படித்தவள் என்பதால்தான் இந்த வேலைக்குப் போனேன் என்று உறவினர்கள் கேலி செய்வார்கள். உண்மையில் சத்தத்தைக் குறைக்கலாம் என்றுதான் போனேன். அப்படித்தான் இன்டர்வியூவிலும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

நான் சொல்ல வருவது ஒரே ஒரு வண்டியைப் பற்றி. அந்த வண்டியின் வேலை எங்களிடம் வந்தபோது, என் மேலதிகாரி எங்களை உட்கார வைத்துச் சட்டத்தை விளக்கினார். புனேயிலிருந்து வந்தவர், குரலை உயர்த்தாமல் பேசுபவர். திறந்த மைதானத்தில் இரண்டு பக்கமும் மைக் நிறுத்தியிருப்பார்கள். நடுவே வண்டி வர வேண்டும். ஒரு கோட்டைத் தொட்டதும் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருக வேண்டும். அப்போது வரும் சத்தம் வரம்புக்குள் இருந்தால் வண்டியை விற்கலாம். அந்தச் சத்தத்தில் எல்லாமே அடக்கம். சைலன்சர், செயின், எஞ்சினுக்குள் தட்டும் டாப்பெட், காற்றை உறிஞ்சும் பெட்டி, டயர்கூட. ஆகவே அந்த வரம்பை நாம் ஒரு பட்ஜெட்டாக நினைக்க வேண்டும் என்றார் அவர். மற்ற இடங்களில் மிச்சம் பிடித்தால், மிச்சத்தை விருப்பமான இடத்தில் செலவழிக்கலாம்.

மிச்சம் பிடிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அதில் நான் மூழ்கிப் போனேன். சூடு தணிவதற்காக எஞ்சினைச் சுற்றியுள்ள உலோக இதழ்கள் அதிராமல் இருக்க இடையிடையே ரப்பர் துண்டுகளைச் செருகினோம். பக்கவாட்டு மூடியைத் தடிமனாக்கினோம். செயின் உரசும் இடத்தில் மெத்தை வைத்தோம். காற்றுப் பெட்டியைப் பெரிதாக்கி, அதன் வாயை உள்பக்கம் திருப்பினோம். கடைசியில் நாச்சாரம் பட்டறையில், புகையை நீளமான குழாய் வழியாகச் சுவருக்கு வெளியே கொண்டுபோய்விட்டு எஞ்சினை ஓடவிட்டபோது, அடுத்த அறையில் யாரோ தையல் மிஷின் ஓட்டுவது போலத்தான் கேட்டது. பக்கத்தில் நின்று சாதாரணக் குரலில் பேச முடிந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. இந்த ஊருக்கு ஒரு அமைதியான வண்டி கொடுக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மேலதிகாரிக்கும் சந்தோஷம். அருமையாக மிச்சம் பிடித்திருக்கிறாய், இனி இதையெல்லாம் சைலன்சருக்குக் கொடுத்துவிடு என்றார். அதாவது, நான் குறைத்த அளவுக்கு சைலன்சர் கூடுதலாகச் சத்தம் போடலாம்.

எந்தச் சத்தத்தைக் கொடுப்பது என்று முடிவு செய்ய வண்டி ஓட்டுகிறவர்களைக் கூப்பிட்டார்கள். எல்லோரும் ஆண்கள். வரிசையாக நாற்காலியில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, நாங்கள் செய்து வைத்திருந்த சத்தங்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினோம். எது பிடித்திருக்கிறது, ஏன் பிடித்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். குறித்துக்கொள்ள வேண்டியது நான். கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ இனிப்பு சாப்பிடுகிறவர்கள் மாதிரி தலையை ஆட்டினார்கள். நெஞ்சில் இடிக்க வேண்டும் என்றார் ஒருவர். ஆம்பளை வண்டி என்று தெரிய வேண்டும் என்றார் இன்னொருவர். லேடீஸ் ஹாஸ்டல் வழியாகப் போனால் மூன்றாவது மாடி ஜன்னல் திறக்குமா என்று நல்ல படிப்புப் படித்த ஒரு மனிதர் என்னைப் பார்த்தே கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். என் மேலதிகாரியும் சிரித்தார். பிறகு அவர் கொடுத்த ரிப்போர்ட்டில், வாடிக்கையாளர்கள் வண்டிக்கு ஓர் ‘ஆளுமை’ இருப்பதை விரும்புகிறார்கள் என்று எழுதியிருந்தது.

அவர்கள் கேட்ட சத்தம் பட்ஜெட்டில் அடங்கவில்லை. அப்போதுதான் வால்வு வந்தது. சோதனை எந்த வேகத்தில், எந்த கியரில் நடக்கும் என்பது சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. சைலன்சருக்குள் ஒரு சின்ன மடல் வைத்து, அந்த வேகத்தில் மட்டும் அது மூடிக்கொள்ளும்படியும், மற்ற நேரத்தில் திறந்துகொள்ளும்படியும் செய்தோம். மைதானத்தில் வண்டி பூனை மாதிரி போகும். சாலையில் குரைக்கும். இப்படி எல்லாரும் செய்கிறார்கள் என்று தெரிந்து, மற்ற வேகங்களிலும் அளந்து பார்க்க வேண்டும் என்று விதியைப் பிறகு இறுக்கினார்கள். நாங்கள் மறுபடி உட்கார்ந்து, அந்தப் புள்ளிகளுக்கும் மடலைப் பழக்கினோம். விதி கொஞ்சம் நகர்ந்தால் மடலும் கொஞ்சம் நகரும். எழுத்துப்படி எதுவும் தப்பில்லை. அந்த வண்டி எல்லாச் சோதனையிலும் தேறியது. ஆபீஸில் கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. க்ரீம் புளித்திருந்தது.

அந்த வண்டியை வாங்கிய முதல் ஆட்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் செகந்திராபாத்தில் பிறந்த தமிழர்தான். சாஃப்ட்வேர் வேலை. ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் பேசுவது தொந்தரவாக இருக்கிறது என்று, வெளிச்சத்தம் காதில் விழாதபடி தடுக்கும் ஹெட்போன் வாங்கி வைத்திருக்கிறார். நாள் முழுக்க அதை மாட்டிக்கொண்டுதான் வேலை பார்ப்பார். மேல் வீட்டில் மிக்ஸி ஓடினால் அண்ணாந்து பார்த்துப் பல்லைக் கடிப்பார். அப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கறுப்பு ஜாக்கெட் போட்டுக்கொண்டு கூட்டமாக வண்டி ஓட்டுகிற ஒரு குழுவில் சேர்ந்திருந்தார். விடியும்போது கிளம்பி, எங்கோ ஹைவேயில் இட்லி சாப்பிட்டுவிட்டு, ஃபோட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவார்கள்.

வண்டி வந்த புதிதில், சத்தம் என் மனைவி செய்தது என்று குழுவில் சொல்லிப் பெருமைப்பட்டாராம். அவர்கள் கேட்டுவிட்டு, தலைமுடி காய வைக்கிற மிஷின் மாதிரி இருக்கிறது என்று சிரித்திருக்கிறார்கள். அடுத்த வாரமே மனிதர் சைலன்சரை மாற்றிவிட்டார். வண்டி விற்ற ஷோரூமிலேயே மாற்றிக் கொடுத்தார்கள். புதுக் குழாயில், பொதுச் சாலையில் பயன்படுத்தக் கூடாது என்று ஸ்டிக்கரே ஒட்டியிருந்தது. அதன் வாயில் விரல் தடிமனில் ஓர் அடைப்பான். அது இருந்தால் சத்தம் கொஞ்சம் குறையும். ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். போலீஸ் இருக்கிற பக்கம் போனால் மாட்டிக்கொள்ளுங்கள் சார் என்று சொல்லி, ஸ்க்ரூ டிரைவரையும் சேர்த்துக் கொடுத்தார்களாம். நாங்கள் இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த சைலன்சர், புதுக் குழாய் வந்த அட்டைப் பெட்டியில் ஏறி, எங்கள் பால்கனியில் வாஷிங் மிஷினுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது.

“கைக்கு இப்படி மூஞ்சி தூக்கி வச்சுக்கினு இருக்கே?” என்றார் அவர், ஏன் என்பதற்கு எங்கள் ஊர் ஹிந்தி வார்த்தையைப் போட்டு. “வண்டின்னா ஒரு ஃபீல் வேணும். உங்க கம்பெனி சைலன்சர்ல அது இல்ல.”

ஃபீல் என்றால் என்ன என்று கேட்டேன். மார்பில் கையை வைத்துக் காட்டினார்.

அவர் காலையில் வண்டியை எடுக்கும்போது கீழே நிறுத்தியிருக்கும் கார்களின் அலாரங்கள் அலற ஆரம்பிக்கும். தெருநாய்கள் மூலைக்கொன்றாக ஓடும். எஞ்சின் சூடாகட்டும் என்று அப்படியே ஓடவிட்டுவிட்டு, அவர் ஃபோன் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒன்பதாவது படிக்கும் எங்கள் மகள் அவருடன்தான் ஸ்கூலுக்குப் போவாள். அவளுக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் தெலுங்கிலோ இங்கிலீஷிலோ வரும். ஒருநாள் கிளம்பும்போது, “கார்னர் தக்கரே திகிபோதா, டாடி” என்றாள். ஸ்கூல் வாசல் வரைக்கும் வேண்டாம், தெருமுனையிலேயே இறங்கிக்கொள்கிறேன் என்கிறாள். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். பெரிய பெண் ஆகிவிட்டாள், அப்பா கொண்டுவந்து விடுவது கூச்சமாக இருக்கும் என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். அவள் ஹெல்மெட்டுக்குள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போவது அவருக்குத் தெரியாது.

எங்களுக்கு நேர் கீழ் வீட்டில் ஒரு நர்ஸ் தனியாக இருந்தார். நைட் ட்யூட்டி முடித்துக் காலையில் வந்து படுப்பவர். அவர் படுக்கிற நேரமும் இவர் வண்டி எடுக்கிற நேரமும் ஒன்று. ஒருநாள் அவர் மாடியேறி வந்து கதவைத் தட்டினார். கண்கள் சிவந்திருந்தன. யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. வண்டியைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டுபோய்த் தெருமுனையில் ஸ்டார்ட் செய்ய முடியுமா என்று ஹிந்தியில் கேட்டார். கோபமில்லை, கெஞ்சல்தான். இவர் ரொம்ப மரியாதையாக, இரண்டே நிமிஷம்தான் மேடம், எஞ்சின் சூடாக வேண்டும் என்றார். அந்தம்மா என் பக்கம் திரும்பி, “நீங்க இந்த சத்தம் சம்பந்தமாத்தானே வேலை செய்றீங்க?” என்றார். ஆமாம் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். அவர் கேட்டதற்கு என்ன அர்த்தம் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். எப்படி யோசித்தாலும் எனக்குச் சாதகமான அர்த்தம் கிடைக்கவில்லை.

தள்ளிக்கொண்டு போனால் என்ன குறைந்துவிடும் என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். வண்டி எவ்வளவு கனம் தெரியுமா என்றார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவரிடமிருந்து ஃபோன். தார்நாக்கா பக்கம் வண்டிகளை நிறுத்திச் சோதனை செய்கிறார்கள், அடைப்பானை மாட்ட நேரம் கிடைக்கவில்லை, மாட்டிக்கொண்டேன் என்றார். நான் உடனே வர வேண்டும், ஆபீஸ் ஐடி கார்டை எடுத்து வர வேண்டும். “நீ வந்து கம்பெனி ஆளுன்னு சொல்லு. இது கம்பெனி ஃபிட்டிங்தான்னு ஒரு வார்த்தை சொன்னா விட்ருவாங்க. ஆல்ரெடி நான் சொல்லி வச்சிருக்கேன்.”

ஆட்டோ பிடித்துப் போனேன். சாலையோரம் ஒரு வேப்பமரத்தின் கீழ் வரிசையாக வண்டிகள். சொந்தக்காரர்கள் பெரும்பாலும் காலேஜ் பையன்கள். அவர்களுக்கு நடுவே நரைத்த தாடியும் கறுப்பு ஜாக்கெட்டுமாக இவர் வியர்த்துக்கொண்டு நின்றார். இன்ஸ்பெக்டர் வயதில் சின்னவர், பணிவாகப் பேசினார். ஒரு கான்ஸ்டபிளை விட்டு வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்த ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அணைக்கச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். இந்த சைலன்சரை நீங்கள்தான் டிசைன் செய்ததாக சார் சொல்கிறார், கம்பெனியில் வந்ததுதானா மேடம் என்று தெலுங்கில் கேட்டார்.

என் வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பையன்களும் பார்த்தார்கள். வண்டியின் பின்பக்கம் இன்னும் சூடு அடித்துக்கொண்டிருந்தது. எரிந்த எண்ணெய் நாற்றம். அவர் முகத்தில் நம்பிக்கை இருந்தது.

இல்லை என்று தெலுங்கிலேயே சொன்னேன். இது கம்பெனி சைலன்சர் இல்லை, கம்பெனி சைலன்சர் எங்கள் வீட்டுப் பால்கனியில் இருக்கிறது என்றேன்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. தேங்க்ஸ் மேடம் என்றார். சிரித்தது பையன்கள்தான். குழாயைக் கழற்றி, ஏற்கெனவே கழற்றியிருந்த மற்ற குழாய்களோடு போட்டார்கள். அபராதத்துக்குக் கையெழுத்து வாங்கினார்கள். சரியான சைலன்சரைக் கொண்டுவந்து மாட்டி வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள்.

வீட்டுக்கு இரண்டு பேரும் ஆட்டோவில் வந்தோம். பாதி வழியில் அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

“பசங்க முன்னாடி என்னை அசிங்கப்படுத்திட்டே.”

“அந்தக் குழாயை நான் மாட்டச் சொல்லல.”

“ஹவ், ஆமா, நீ சொல்லல. நீ பெரிய யோக்கியம். டெஸ்ட் பண்ற இடத்துல மட்டும் வாய மூடிக்கினு, ரோட்டுக்கு வந்ததும் தொறக்கற வால்வு யாரு வச்சது? நான் போலீஸ பார்த்தா அடைப்பான் மாட்டறேன். உன் வண்டி தானே மாட்டிக்குது. என்ன வித்தியாசம் சொல்லு.”

வால்வைப் பற்றி அவருக்கு நான்தான் எப்போதோ சாப்பிடும்போது சொல்லியிருக்கிறேன். வித்தியாசம் இருக்கிறது என்றேன். எங்களுடையது சட்டத்துக்கு உட்பட்டது என்றேன். சொல்லும்போதே அது என் மேலதிகாரியின் குரலாக எனக்குக் கேட்டது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

திங்கட்கிழமை மேலதிகாரியிடம் போய், இந்த வேலையிலிருந்து என்னை மாற்றிவிடுங்கள் என்று கேட்டேன். காரணம் கேட்பார் என்று பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை. நல்லவேளை, எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தேன் என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. எஞ்சினே இல்லாத வண்டி. அங்கே போன பிறகுதான் வேலை என்னவென்று தெரிந்தது. சத்தமில்லாமல் வருவதால் தெருவில் நடப்பவர்களுக்குத் தெரிவதில்லை, ஆகவே மெதுவாகப் போகும்போது மட்டும் ஒரு சின்ன ஒலி வர வேண்டும் என்பது யோசனை. அது நியாயம்தான். ஆனால் கம்பெனிக்காரர்கள் சீட்டுக்கு அடியில் பெரிய ஸ்பீக்கராகவே வைத்துவிட்டார்கள். பெட்ரோல் வண்டியின் சத்தத்தை அதில் போட்டுத் தர வேண்டும் என்றார்கள். அதுவும் எந்த வண்டியின் சத்தம்? நாங்கள் மடல் வைத்துக் குரைக்க வைத்தோமே, அதே வண்டி. அந்த ரெக்கார்டிங் என்னிடம் இருக்கும் என்பதால்தான் என்னை அங்கே போட்டிருந்தார்கள்.

வீட்டில் இவர் பழைய சைலன்சரை மாட்டிக்கொண்டு இரண்டு ஞாயிறு போய்வந்தார். குழுவில் என்ன சொன்னார்களோ, முகம் தொங்கிப் போயிருந்தது. காலையில் வண்டி எடுத்தால் கார்கள் அலறவில்லை. மகள் மறுபடி ஸ்கூல் வாசலில் இறங்க ஆரம்பித்தாள். நர்ஸ் அம்மா படிக்கட்டில் என்னைப் பார்த்து ஒருமுறை சிரித்தார். இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பிறகு ஒரு நாள் சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது கீழே வண்டி கிளம்பியது. ஸ்டார்ட் ஆன உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. சைலன்சருக்குள் இருந்த தட்டுகள் இல்லை. ஓடிப் போய் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். வெளியே பார்க்க எங்கள் சைலன்சர்தான். கம்பெனி முத்திரை, நம்பர் எல்லாம் அப்படியே இருந்தது. சாயங்காலம் கேட்டபோது அவரே சொன்னார். மல்லாபூரில் ஒரு கடையில் பின்பக்கமாக அறுத்து, உள்ளே இருப்பதையெல்லாம் உருவி எடுத்துவிட்டு, மறுபடி வெல்டிங் வைத்துக் கறுப்புப் பெயின்ட் அடித்துத் தருகிறார்களாம். அறுத்த தடம் தெரியாது. எந்த போலீஸ்காரரும் கண்டுபிடிக்க முடியாது.

“இனிமே கேட்டா கம்பெனி சைலன்சர்தான்னு சொல்லலாம்” என்றார். “பொய்கூட இல்ல.”

அவருக்கு அதில் ஒரு குழந்தையின் சந்தோஷம் இருந்தது. சண்டை போடலாம் என்று வாயைத் திறந்தேன். வேண்டாம் என்று தோன்றியது. எழுந்து போய் மகளின் ஸ்கூல் பஸ்ஸுக்கு ஃபோன் செய்து, அடுத்த மாதத்திலிருந்து அவளுக்கு ஒரு சீட் வேண்டும் என்று சொன்னேன்.

நர்ஸ் அம்மா மழைக்காலம் தொடங்கும் முன்பே வீட்டைக் காலி செய்தார். சாமான் அதிகம் இல்லை, ஒரு சின்ன டெம்போவில் அடங்கிவிட்டது. மகளிடம் நன்றாகப் படி என்று சொல்லிக் கன்னத்தைத் தட்டினார். என்னிடம் சாவியை வீட்டு ஓனரிடம் கொடுத்துவிடச் சொன்னார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு ஹாஸ்டல் என்றார். அறையில் நான்கு பேராம், ஆனாலும் பகலில் தூங்க முடியும் என்றார்.

அந்த வீட்டுக்கு இரண்டு பையன்கள் குடிவந்தார்கள். மாதாப்பூரில் எங்கோ வேலை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வண்டி, பழையது, எங்கேயோ வாங்கிய நீளக் குழாய் மாட்டியது. அவர்கள் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து சேரும் நேரம், என் வீட்டுக்காரர் ஆழ்ந்து தூங்குகிற நேரம். முதல் வாரம் புரண்டு படுத்தார். இரண்டாவது வாரம் இறங்கிப் போய்ச் சொல்லிப் பார்த்தார். அந்தப் பையன்கள் ரொம்ப மரியாதையாக, இரண்டே நிமிஷம்தான் அங்கிள் என்றார்களாம்.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது அவர் லேப்டாப்பைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அபார்ட்மென்ட் சங்கத்துக்கு ஒரு புகார் எழுதிக்கொண்டிருந்தார். அடுத்தவர்களைப் பற்றி அக்கறையில்லாத தலைமுறை என்று முதல் வரி. எனக்குப் படித்துக் காட்டினார்.

“ஒரு வண்டி சட்டப்படி எவ்வளவு சத்தம் போடலாம்? உனக்குத்தான் ரூல் நம்பரெல்லாம் தெரியுமே. சொல்லு, போட்டா ஸ்ட்ராங்கா இருக்கும்.”

விரலை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் துளிச் சங்கடம்கூட இல்லை. நிஜமாகவே உதவி கேட்டார். மகள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.